சுருட்டின் பதம்: திண்டுக்கல்லிலிருந்து தண்டலம் வரை

என் மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பணிக்காலத்தில் பாதியைத் திண்டுக்கல்லில் கழித்தவர். அவர் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது, பீரோவின் அடித்தட்டில் நான்கு மரப்பெட்டிகள் கிடைத்தன. திறந்து பார்த்தால் சுருட்டு. மொத்தம் நூறுக்குக் கொஞ்சம் குறைவு. யாரோ பரிசாகக் கொடுத்ததும், அவரே வாங்கிச் சேர்த்ததும் கலந்து கிடந்தன. ஒன்றை எடுத்து இரண்டு விரலால் லேசாக அழுத்தினேன். அப்பளம் போல நொறுங்கிவிட்டது.

குப்பையில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் மனைவிக்கு மனம் வரவில்லை. "அப்பா கை பட்ட பொருள், அப்படியே இருக்கட்டும்" என்றாள். இருக்கட்டும் என்றால் நொறுங்காமல் இருக்க வேண்டும். அதற்கு வழி தேடப் போனபோதுதான் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான நம் ஊர்க் கதை ஒன்று கையில் கிடைத்தது. அதை நம் குடியிருப்பு அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது புகைக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். வாய்ப் புற்றுநோய்க்கு அந்தச் சமாதானம் தெரியாது.

உலகம் நம்மிடம் வாங்கிய சொல்

புகையிலை நம் மண்ணின் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக, சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் அதைச் சுருட்டிப் புகைக்கும் பொருளுக்கு நாம் வைத்த பெயர் உலகம் சுற்றியது. ஆங்கிலத்தின் 'செரூட்', போர்ச்சுக்கீசிய மொழியின் 'சருட்டோ' இரண்டுக்கும் மூலம் நம் 'சுருட்டு'தான். இஞ்சி, அரிசி, கட்டுமரம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல்லோடு ஓர் ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டது: 'டிரிச்சினாப்பள்ளி'. திருச்சிக்குப் பக்கத்தில் உறையூரில் சுருட்டு சுற்றுவது பெரிய கைத்தொழிலாக இருந்தது. இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வரும். வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என்பவை அந்தப் பகுதியின் பேர்போன இலை வகைகள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் லண்டனுக்கான கப்பல் வழி சுருங்கியது. 1875-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் இலைச் சிப்பங்களின் பயணமும் எளிதானது.

1887-இல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை முதன்முதலாக உலகுக்கு அறிமுகம் செய்த நாவலிலேயே, கொலை நடந்த வீட்டின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். லண்டன் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அந்தப் பெயர் அங்கே பழகியிருந்தது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

சென்னையில் 1863-இல் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனம், இன்று அண்ணா சாலையில் வணிக வளாகமாக மட்டும் நம் நினைவில் இருக்கிறது. அந்த நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. 'லைட் ஆஃப் ஏசியா' என்பது அதன் புகழ்பெற்ற பெயர்களில் ஒன்று. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு நம் ஊர்ச் சுருட்டு போனது என்று திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் இன்றும் கதை சொல்வார்கள். 1896-இல் இளம் படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தவர் அவர். நம் சுருட்டை அறியாமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் அவர் வாழ்நாள் முழுதும் விரும்பியது கியூபாவின் ஹவானா சுருட்டு என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

எல்லாம் பதத்தில் இருக்கிறது

சுருட்டுத் தொழிலை ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால் அது 'பதம்'. சோற்றுக்குப் பதம், பாகுக்குப் பதம், உழவுக்கு மண் பதம் போல இலைக்கும் பதம் உண்டு. காய்ந்த இலையைத் தொட்டால் தூளாகும். ஈரம் அதிகமானால் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையில் இலை துணி போல மடங்கும். அந்த நிலையில்தான் நடு நரம்பை உரிக்கவும், உள்ளிலையை அடுக்கவும், மேலிலையைக் கிழியாமல் சுற்றவும் முடியும்.

அறுத்த இலையை உலர்த்தி, அம்பாரமாகக் குவித்துப் புழுங்க வைப்பார்கள். குவியலின் உள்ளே சூடு ஏறும். பிரித்து, மேலதைக் கீழாகவும் கீழதை மேலாகவும் மாற்றிக் கட்டுவார்கள். இலையின் காரம் அடங்கி நிறமும் மணமும் வருவது இந்தப் புழுக்கத்தில்தான். பிறகு சுற்றுவதற்கு முன் மறுபடியும் தண்ணீர் தெளித்து இலையை இளக்க வேண்டும். சுற்றிய பின் அந்த மிகை ஈரம் போக உலர்த்த வேண்டும். ஆக, தண்ணீரைக் கொடுப்பதும் எடுப்பதுமாகவே வேலை முழுதும் நடக்கிறது. இதற்கு எந்த மீட்டரும் கிடையாது. விரல்தான் கருவி.

அதே இலை யாழ்ப்பாணத்துக்குப் போனால் வேறு வழி. அங்கே தேங்காய் மட்டைப் புகையில் இலையைப் பதப்படுத்துவார்கள். நம் வீடுகளில் வடகத்துக்கு வெயில், மாங்காய்க்கு உப்பு, மீனுக்குப் புகை என்று இருப்பது போலத்தான். ஒவ்வோர் ஊரும் தன் காற்றுக்கு ஏற்ற வழியைக் கண்டுபிடித்தது.

பெட்டி ஏன் வந்தது?

திண்டுக்கல்லில் சுற்றிய சுருட்டைத் திண்டுக்கல்லில் புகைத்தவருக்குப் பெட்டி தேவைப்படவில்லை. சுற்றிய ஊரின் காற்றே அதை ஓரளவு காத்தது. விற்றுத் தீரும் வரைதான் கடையிலும் இருந்தது. சிக்கல் கடல் தாண்டியதும் தொடங்கியது.

லண்டனில் குளிர்காலம். வெளியே 5 டிகிரி. அந்தக் குளிர்ந்த காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும், ஒரு கன மீட்டரில் சுமார் 7 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்றை அறைக்குள் கணப்பு மூட்டி 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அது 17 கிராம் வரை தாங்கக்கூடியதாகிவிடுகிறது. இருப்பதோ அதே 7. அதாவது ஈரப்பதம் 40 சதவீதம். தாகம் எடுத்த அந்தக் காற்று சுருட்டிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீதம்.

இதற்காக வந்ததுதான் 'ஹியூமிடார்' என்ற ஈரப்பதப் பெட்டி. சுருட்டு பிறந்த ஊரின் காற்றை இன்னோர் ஊரில் அடைத்து வைக்கும் பெட்டி என்று சொல்லலாம். லண்டனில் ஆல்ஃபிரட் டன்ஹில் 1907-இல் திறந்த கடையும், பிற்காலத்தில் ஜெனீவாவில் சினோ டேவிடாஃப் நடத்திய கடையும் இந்தக் கலைக்குப் பெயர் பெற்றவை. வாடிக்கையாளர்களின் சுருட்டுகளைக் கடையிலேயே பத்திரப்படுத்தி வைப்பார்கள். 1941 ஏப்ரலில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் டன்ஹில் கடை சிதைந்தபோது, நள்ளிரவில் சர்ச்சிலைத் தொலைபேசியில் அழைத்து "உங்கள் சுருட்டுகள் பத்திரம்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

நல்ல ஹியூமிடாரின் உட்புறம் 'ஸ்பானிஷ் சிடார்' பலகையால் ஆனது. பெயர்தான் அப்படி. அது ஸ்பெயின் நாட்டு மரமும் அல்ல, தேவதாருவும் அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியில் வளர்வது. நம் வேப்ப மரத்தின் குடும்பம்! அதற்கு நெருங்கிய உறவு நம் மலைகளிலேயே இருக்கிறது: சந்தன வேம்பு. இந்தியாவில் சுருட்டுப் பெட்டிகள் செய்ய அந்த மரம் பயன்பட்டிருக்கிறது. இந்த மரங்கள் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லத் திருப்பித் தரும். மணமும் சுருட்டோடு ஒத்துப்போகும்.

நம் வீடே வெளியூர் ஆனது

இப்போது தண்டலத்துக்கு வருவோம். சென்னை என்றாலே புழுக்கம்தானே, இங்கே சுருட்டு எப்படிக் காயும் என்று நானும் கேட்டேன். இரண்டு காரணங்கள். ஒன்று, நாம் கடற்கரையில் இல்லை. கோடையில் மேல்காற்று வீசும் பகல்களில் கடல்காற்று நம் பக்கம் வந்து சேர நேரமாகிறது. அதுவரை அடிப்பது வறண்ட அனல்.

இரண்டாவது காரணம் நம் ஏசி. குளிர்ந்த சுருளில் காற்று படும்போது அதிலுள்ள நீர் பிரிந்து, பால்கனிக் குழாயில் சொட்டுகிறது அல்லவா? அது அறையிலிருந்து எடுத்த ஈரம். என் மாமனாரின் பீரோ இருந்தது ஏசி அறையில். இரவுதோறும் சில மணி நேரம் என்று பல ஆண்டுகள் அந்த அறை ஈரத்தை இழந்துகொண்டே இருந்தது.

வரலாற்றில் ஒரு வேடிக்கை. 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க் நகரின் புரூக்ளினில் தன் முதல் இயந்திரத்தை வடிவமைத்தது மனிதர்கள் குளிர்ச்சியாகத் தூங்குவதற்காக அல்ல. ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. காற்றின் ஈரத்தை அடக்கத்தான் அந்த இயந்திரம். நம்மில் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளின் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் அறையில் வெப்பத்தையும் ஈரத்தையும் அவர்கள் நாள் முழுதும் காவல் காக்கிறார்கள். உறையூர்க்காரர் விரலால் பார்த்ததை அவர்கள் சென்சாரால் பார்க்கிறார்கள்.

ஆக, திண்டுக்கல் சுருட்டுக்கு லண்டன் மட்டுமல்ல, நம் படுக்கையறையும் வெளியூராகிவிட்டது. பெட்டி இல்லாமல் முடியாது என்று புரிந்தது.

பெரிய பெட்டி அமைத்த கதை

கடையில் விற்கும் அழகான மேசைப் பெட்டிகளில் இருபத்தைந்து, ஐம்பதுதான் கொள்ளும். நூறு சுருட்டுக்கு, மீன் கொண்டுபோகப் பயன்படுத்தும் 120 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கினேன். மூடி இறுக்கமாக மூடும். சுவர் தடிமனாக இருப்பதால் வெளி வெப்பம் சட்டென்று உள்ளே ஏறாது. பிளாஸ்டிக் வாடை போக ஒரு வாரம் திறந்து வைத்தேன். உள்ளே அடுக்க, சாயமோ வார்னிஷோ பூசாத மரத்தட்டுகள் செய்வித்தேன்.

அடுத்து ஈரமானி. மலிவான ஈரமானிகள் ஐந்து, பத்து சதவீதம் தவறாகக் காட்டும். அதைச் சரிபார்க்கச் சமையலறை உப்பு போதும். பாட்டில் மூடி அளவு உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, ஈரமானியோடு ஜிப் கவரில் ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். உள்ளே ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும். இயற்கையின் விதி அது. ஈரமானி வேறு எண் காட்டினால் தவறு ஈரமானியுடையது. என்னுடையது 69 காட்டியது. அன்றுமுதல் ஆறு கூட்டியே படிக்கிறேன். ஈரத்தைத் தானே கொடுத்து வாங்கும் உறைகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றின் உள்ளேயும் இதே உப்புத் தத்துவம்தான்.

ஒரு கணக்கு எனக்கு வியப்பாக இருந்தது. 20 டிகிரியில், 70 சதவீத ஈரத்தில், 120 லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் நீராவி மொத்தம் ஒன்றரை கிராம்தான். நூறு சுருட்டு ஏறத்தாழ ஒரு கிலோ என்று வைத்தால், காய்ந்த நிலையிலிருந்து பதத்துக்கு வர அவற்றுக்குச் சுமார் 50 கிராம் தண்ணீர் வேண்டும். ஐந்து கிலோ மரத்தட்டுகளோ 250 கிராம் குடிக்கும். அதாவது பெட்டியில் அதிகத் தாகம் மரத்துக்குத்தான். மரத்தின் தாகத்தைத் தீர்க்காமல் சுருட்டை வைத்தால், இருக்கிற ஈரத்தையும் மரமே பிடுங்கிக்கொள்ளும். அதனால் வெறும் தட்டுகளோடு, ஒரு கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீர் வைத்து, இரண்டு வாரம் பெட்டியை மூடி வைத்தேன். குழாய் நீரின் உப்பும் கிருமியும் இதற்கு ஆகாது.

சுருட்டை நேராக 70 சதவீதத்தில் வைக்கக் கூடாது. காய்ந்த உள்ளிலை வேகமாக ஈரம் வாங்கிப் பருத்தால், மெல்லிய மேலிலை வெடித்துவிடும். பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போலத்தான். அதனால் கிண்ணத்தை எடுத்துவிட்டு உறைகளுக்கு மாறினேன். முதல் மாதம் 58 சதவீதம், அடுத்த மாதம் 62, மூன்றாம் மாதம் 65. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் கால் சுற்று திருப்பி, மேல்தட்டைக் கீழே மாற்றினேன். செய்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: திண்டுக்கல்லில் இலை அம்பாரத்தைப் பிரித்து மாற்றிக் கட்டுவதும் இதே வேலைதான்.

இன்னொரு பகை வண்டு. புகையிலை வண்டின் முட்டை இலையிலேயே இருக்கும். வெப்பம் 25 டிகிரிக்கு மேல் போய், ஈரமும் சேர்ந்தால் பொரிக்கும். நம் சமையலறையில் மல்லி, மிளகாய், மஞ்சளைத் துளைப்பதும் இதே வண்டுதான்! பெட்டியில் வைக்கும் முன் எல்லாவற்றையும் இரட்டை ஜிப் கவரில் இட்டு, ஃப்ரீசரில் ஒரு வாரம், பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்புறம் வெளியே என்று படிப்படியாகக் கொண்டுவந்தேன். பெட்டி இப்போது வெயில் படாத வடக்கு அறையில், தரையோடு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு கவலை: பூசணம். ஈரமானி 72-ஐத் தாண்டினால் உடனே பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

எது திரும்பியது, எது திரும்பவில்லை

மூன்று மாதம் கழித்து அழுத்திப் பார்த்தால் பெரும்பாலானவை விரலுக்கு லேசாக இசைந்து, மறுபடி நிமிர்ந்தன. முன்பே வெடித்திருந்தவை வெடித்தபடியே இருக்கின்றன. மணம் பாதிதான் வந்தது. தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க முடியும். காற்றோடு போன எண்ணெயைக் கொடுக்க முடியாது. கருத்துப்போன இரண்டைத் தூக்கி எறிந்தேன்.

அந்தத் தொழிலின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். சிகரெட்டும் பீடியும் வந்தன. சுருட்டின் பெரிய சந்தையாக இருந்த வெள்ளைக்காரர்கள் போனார்கள். ஸ்பென்சரின் திண்டுக்கல் காலமும் முடிந்தது. வேடசந்தூரில் 1948-இல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இலை பிழைத்தது. சுற்றும் கைகள் குறைந்தன. இன்று திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் மிகச் சில இடங்களில்தான் அந்த வேலை நடக்கிறது. புகைப்பவர் குறைவது நல்ல செய்தி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான்கு தலைமுறை விரல்களில் இருந்த பதம் எங்கும் எழுதி வைக்கப்படாமல் போவது நல்ல செய்தி அல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வீட்டுப் பெட்டியிலிருந்து யாரும் புகைக்கப் போவதில்லை. மாதம் ஒருமுறை நான் திறந்து திருப்பி வைக்கிறேன். சில நாள் என் மனைவி பக்கத்தில் வந்து நிற்பாள். மூடியைத் திறந்ததும் வரும் அந்த வாசனைக்காக.

இரண்டு வேண்டுகோள்கள். பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுதும் தடை இருக்கிறது. பழக்கம் உள்ளவர்கள் லிஃப்ட், படிக்கட்டு, வராந்தாவை விட்டுவிடுங்கள். மேல்வீட்டுக் குழந்தையின் ஜன்னலையும் நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, நம் குடியிருப்பில் திருச்சி, திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சுருட்டுக் கொட்டகையில் வேலை செய்திருந்தால், அவர்கள் இலைப் பதத்தை எப்படிப் பார்த்தார்கள், அதற்கு என்ன சொல் சொன்னார்கள் என்று கேட்டு, செய்திமடல் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். அவர்கள் சொல்லும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.